நாலு பேர், ஒரு சாணைக்கல்: ஊரில் கைத்தச்சுக் குழு தொடங்குவது எப்படி?

கரண்ட் மெஷின் இல்லாமல், உளியும் இழைப்புளியும் வைத்தே மர வேலை பழக வேண்டும் என்ற ஆசையில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்தோம். ஆளுக்கொரு உளி செட் வாங்கினோம். மூன்றாவது வாரம் வந்தது மூன்றே பேர். காரணம் அப்போது புரியவில்லை. கடையில் வாங்கும் புது உளி தீட்டி வருவதில்லை என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. மரம் வெட்டுப்படாமல் நசுங்கியது, தோள்பட்டை வலித்தது, ஆட்கள் நின்றுவிட்டார்கள். அடுத்த வருஷம் தீட்டுவதிலிருந்து தொடங்கினோம். அந்தக் குழு இன்றும் ஞாயிறுதோறும் கூடுகிறது. அதனால் கீழே தீட்டும் பகுதிதான் நீளமாக இருக்கும்.

1. ஆளும் இடமும்

நாலு பேர் போதும். ஆறு பேருக்கு மேல் போனால் ஒரு மேசையும் ஒரு கல்லும் பத்தாது. தோட்டத்துச் சாளையில் ஒரு மூலை, கட்டுத்தரையில் மாடு கட்டாத பக்கம், கார் நிறுத்தும் ஷெட், எதுவானாலும் சரி. வடக்கே திறந்த இடமாகக் கிடைத்தால் நல்லது. வருஷத்தில் பெரும்பாலான மாதங்களில் வெயில் நேராக விழாது, பென்சில் கோடு தெளிவாகத் தெரியும். கோவைப் பக்கம் என்றால் மேற்கே மட்டும் ஒரு தடுப்பு வேண்டும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வந்தால் சீவலும் தூளும் கண்ணில்தான் விழும்.

மேசை ஆடக் கூடாது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் உள்ளங்கை மேசையில் படிகிற உயரம் இழைப்பதற்குச் சரியாக இருக்கும்.

2. சொல்லித்தர ஒருவர்

இதைத் தள்ளிப் போடாதீர்கள். வீடியோ பார்த்து ஆறு மாதம் தடுமாறுவதை ஒரு ஆசாரி அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார். முதல் நாள் எங்களிடம் வந்தவர் நான் உளி பிடித்ததைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, மல்லுக்கட்டாதீங்க. உளி போற வழிக்கு உடுங்க" என்றார். அன்றைக்குத்தான் மரத்தின் ரேகையை ஒட்டி வெட்டுவது என்றால் என்னவென்று கைக்குப் புரிந்தது.

கோவைக்காரர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரிகளுக்கு, வார்ப்பு அச்சு எடுக்க மரத்தில் பேட்டர்ன் (மாதிரி உரு) செய்த பெரியவர்களைத் தேடுங்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும். அதைக் கணக்கில் சேர்த்து, அந்த அளவுக்குப் பெரிதாக்கி மரத்தில் செதுக்கியவர்கள் அவர்கள். அளவெடுக்கும் ஒழுக்கத்தை அவர்களிடம்தான் கற்க வேண்டும்.

யார் வந்தாலும் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். டீயும் வடையும் கூலி ஆகாது. அவர் பிழைப்பை விட்டுவிட்டு நமக்காக வருகிறார்.

3. எதை வாங்குவது

ஆளுக்கு ஒரு முக்கால் இஞ்சு உளியும் பென்சிலும் போதும். மற்றதெல்லாம் பொதுவில் இருக்கட்டும்: ஒரு இழைப்புளி, ஒரு கை ரம்பம், செங்கோணம் பார்க்க மூலமட்டம், அரை இஞ்சு உளி, மரத்தை மேசையோடு இறுக்கிப் பிடிக்க இரண்டு ஜி கிளாம்ப். பழைய இரும்புக் கடைகளில் தேடினால் நல்ல உளி கிடைக்கும். துரு மேலாக இருந்தால் பரவாயில்லை. தட்டையான பக்கத்தில், வெட்டுமுனைக்கு அருகே குழிகுழியாக அரித்திருந்தால் மட்டும் வேண்டாம்.

4. முதல் இரண்டு வாரம்: தீட்டுதல் மட்டும்

மரத்தைத் தொடாதீர்கள். கெட்டியான ஒரு கண்ணாடிப் பலகை, 400, 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்), கொஞ்சம் தண்ணீர். இவ்வளவுதான் செலவு. கல் வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் உளியின் தட்டைப் பக்கம். முனையிலிருந்து ஒரு இஞ்சு தூரத்தை 400-ல் படுக்கவைத்துத் தேயுங்கள். கீறல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழும்வரை அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. 2000 முடியும்போது அதில் உங்கள் முகம் மங்கலாகவாவது தெரிய வேண்டும். புது உளிக்கு இதற்கே ஒரு மணி நேரம் ஆகலாம். ஒவ்வொரு உளிக்கும் ஒரே ஒரு முறை செய்தால் போதும், அதனால் சலிக்காமல் செய்யுங்கள்.

அடுத்தது சாய்முகம், அதாவது தட்டைப் பக்கத்துக்கு எதிரே முனையை நோக்கிச் சரிந்திறங்கும் பக்கம். 30 டிகிரி வேண்டும். கோணமானி தேவையில்லை: சாய்முகத்தின் நீளம் உளியின் கனத்தைப்போல இரண்டு மடங்கு இருந்தால் அது 30 டிகிரி. 4 மில்லிமீட்டர் கன உளிக்கு 8 மில்லிமீட்டர். மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு உடம்பை அசைத்துத் தேயுங்கள். கையை மட்டும் ஆட்டினால் முகம் உருண்டுவிடும்.

தட்டைப் பக்கத்திலிருந்து முனையைத் தாண்டி வெளியே விரலை மெதுவாக நகர்த்தினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். முனையின் முழு அகலத்துக்கும் அது இருந்தால்தான் தீட்டியது முனைவரை போயிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் அடுத்த தாள். கடைசியில் தட்டைப் பக்கத்தைப் படுக்கவைத்துப் பிசிறை எடுத்துவிட்டு, பலகையில் ஒட்டிய பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கிப் பத்து முறை இழுங்கள்.

பேக்கிங் பெட்டியின் பைன் பலகையை எடுத்து, ரேகை முடிகிற வெட்டுமுகத்தில் சீவிப் பாருங்கள். பளபளப்பாக வந்தால் கூர் சரி. வெள்ளை வெள்ளையாக நசுங்கினால் மறுபடி 1000-க்குப் போக வேண்டும்.

5. முதல் வேலை: கொட்டாப்புளி

கொட்டாப்புளி என்பது உளியை அடிக்கும் மரச் சுத்தியல். நம் கையால் செய்த கொட்டாப்புளியில்தான் அடுத்த வேலைகளுக்கெல்லாம் அடிக்கப் போகிறோம். தலைக்குப் புளிய மரம், அல்லது வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் போட்ட கருவேலம். நடுவில் துளை போட்டு, மேலே கொஞ்சம் அகலமாக வையுங்கள். கைப்பிடியும் அதேபோல் மேலே அகன்று இருக்க வேண்டும். மேலிருந்து செருகினால், வீச வீச இறுகுமே தவிரத் தலை கழன்று பறக்காது. துளையை இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி வெட்டுங்கள். ஒரே பக்கமாகப் போனால் மறுபக்கம் பிய்ந்துவிடும்.

வேலையைக் கிளாம்பில் கட்டிவிடுங்கள். இரண்டு கையும் எப்போதும் முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும். நான் பார்த்த வெட்டுக்காயங்கள் எல்லாமே மரத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் உளியைத் தள்ளியபோது பட்டவைதான்.

6. மரம்

பழைய வீடு இடிக்கும் இடங்களில் கிடைக்கும் நிலை, சட்டம், உத்திரம்தான் நல்லது. பல வருஷம் காய்ந்த மரம். ஆணியைத் தேடிப் பிடுங்காமல் இழைப்புளியை வைக்காதீர்கள். ஈட்டி மரம், சந்தனம் என்று யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் வாங்க வேண்டாம். ஈட்டி மரத்தை அனுமதியில்லாமல் வெட்ட முடியாதபடி தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

மரங்களை இனம் காணப் பழக, குழுவாகக் கோவை காஸ் வன அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் போய்வாருங்கள். 1902-ல் தொடங்கியது. அங்கே மர மாதிரிகளை வரிசையாகப் பார்த்துவிட்டு வந்த பிறகு, எங்கள் ஆட்கள் மரக்கடையில் கேட்கும் கேள்வியே மாறிவிட்டது.

7. கிளம்புவதற்கு முன்

கடைசிப் பதினைந்து நிமிஷம் வெட்டும் வேலை கிடையாது. மழுங்கிய உளியைத் தீட்டி, துடைத்து, மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவு தடவி, உறை போட்டு வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுக்காகிவிடும். பெட்டிச் சாவி யாரிடம், அடுத்த வாரம் யார் வாட்டர் பேப்பர் வாங்கி வருவது என்று நோட்டில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.