வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்: சிங்கப்பூருக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு

போன வாரம் எங்கள் ரூமுக்கு அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். வந்த மூன்றாம் நாளே சூப்பர்வைசர் நீட்டிய டைம் ஷீட்டில் (வேலை பார்த்த மணி நேரம் எழுதுகிற தாள்) கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நிற்கிறான். என்னடா எழுதியிருந்தது என்று கேட்டால், "ஒண்ணும் எழுதலண்ணே, காலியாத்தான் இருந்துச்சு" என்கிறான். எனக்கு வந்த கோபத்தில் அன்று சோறே இறங்கவில்லை.

மற்ற விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கில் டெஸ்ட் (தொழில் தேர்வு) அடித்து, நகையை அடகு வைத்து, ஏஜென்டுக்குக் கொட்டிக் கொடுத்துத்தான் வந்திருப்பீர்கள், அது தெரிந்த கதை. மெடிக்கல், கைரேகை, சேஃப்டி கோர்ஸ் எல்லாவற்றுக்கும் கம்பெனியே லோரியில் ஏற்றிக்கொண்டு போகும். புதிதாக வந்தவர்களுக்கு ஒருநாள் செட்லிங்-இன் வகுப்பு ஒன்று உண்டு, நமக்குப் புரியும்படி தமிழிலேயே நடத்துவார்கள், ஏசி குளிரில் தூங்கிவிடாதீர்கள். பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. லெவி என்பது வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்கு முதலாளி அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய காசு, உங்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது. வேலை பெர்மிட்டுக்கு முன்அனுமதியாக வரும் ஐபிஏ கடிதத்தில் என்ன அடிப்படைச் சம்பளம் போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. ஏஜென்ட் வாயால் சொன்னதெல்லாம் டீக்கடைப் பேச்சு. அந்த ஐபிஏ கடிதத்தைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2018. என் இரண்டாவது கம்பெனி. ஐபிஏயில் அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி. மாதம் எப்படியும் எழுபது மணி நேரம் ஓடி (ஓவர்டைம்) பார்ப்போம். இங்கே சட்டப்படி ஓடிக்கு ஒன்றரை மடங்கு. 800 வெள்ளிக்காரனுக்கு ஒரு மணி நேரத்துக்கு 6 வெள்ளி 29 காசு வரும் (பன்னிரண்டு மாதச் சம்பளத்தை 52 வாரத்தாலும் 44 மணி நேரத்தாலும் வகுத்து, ஒன்றரையால் பெருக்க வேண்டும்). இது எனக்கு அப்போது தெரியாது. கம்பெனியில் நாற்பது மணி நேரம் என்று சொல்லி, மணிக்கு நான்கு வெள்ளி கணக்கில் 160 கொடுப்பார்கள். ஆக மொத்தம் கையில் 960. எல்லாம் ரொக்கம். சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும் என்று 2016லேயே சட்டம் வந்துவிட்டது, எங்களுக்கு ஒன்றும் கிடையாது. கடையில் விற்கிற வவுச்சர் புத்தகம் ஒன்று, அதில் தொகை எழுத வேண்டிய கட்டம் காலியாக இருக்கும். சாயங்காலம் லோரி கிளம்பும் நேரம் பார்த்துத்தான் அதை நீட்டுவார்கள். பின்னால் இருபது பேர் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள். "போடுடா, போடுடா" என்று நம் ஆட்களே கத்துவார்கள். நானும் போட்டேன், ஏழு மாதம்.

என் பக்கத்துக் கட்டில் அண்ணன் பேராவூரணிப் பக்கம். அங்கே ஆடி மாதம் மொய் விருந்து வைப்பார்கள், தெரிந்திருக்கும். ஐம்பது ரூபாய் மொய்யைக்கூட ஊர், பெயர், தெருவோடு நோட்டில் ஏற்றி இருபது வருஷம் கழித்தும் எடுத்துக் காட்டுகிற மண். அந்தப் பழக்கத்தில் இவர் தினமும் படுக்கப்போகும் முன் நாற்பது பக்க நோட்டில் எழுதுவார்: தேதி, எந்த சைட், காலையில் எத்தனை மணிக்கு இறங்கினோம், ராத்திரி எத்தனைக்கு ஏறினோம். வவுச்சரில் கையெழுத்துக்குக் கீழேயே பொடி எழுத்தில் தமிழில் "கையில் வாங்கியது 960" என்று கிறுக்குவார். ஆபீஸில் யாருக்கும் தமிழ் தெரியாது, அதுவும் கையெழுத்தின் பாகம் என்றே நினைத்திருக்கிறார்கள். நான் அவரை "கணக்குப்பிள்ளை" என்று கேலி செய்வேன்.

கடைசியில் சம்பளமே இரண்டு மாதம் நின்றபோதுதான் சிராங்கூன் ரோட்டில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்குப் போனோம், எம்டபிள்யூசி என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். தேசிய தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து 2009இல் தொடங்கியது. தமிழிலேயே பேசினார்கள், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். மூன்று வருஷத்தில் இந்த ஊரில் என்னை "உட்காருங்க" என்று சொன்ன முதல் ஆபீஸ் அதுதான். அங்கிருந்து, சம்பளத் தகராறைப் பேசித் தீர்க்கிற டிஏடிஎம் என்ற அமைப்புக்குச் சமரசப் பேச்சுக்குப் போனோம். நின்றுபோன இரண்டு மாதத்தை அங்கே வாங்கிவிட்டோம். ஓடி விஷயம் வந்தபோதுதான் கம்பெனி வவுச்சர்களை எடுத்து வைத்தது. என் கையெழுத்துக்கு மேலே அழகாக, வேறு மையில், "ஓடி 70 மணி, 440 வெள்ளி" என்று எழுதியிருந்தது. சட்டப்படி எவ்வளவு கொடுக்க வேண்டுமோ அதையே எழுதி நிரப்பிவிட்டார்கள்! அங்கிருந்த அதிகாரி என்னைத் திட்டவில்லை. "இது உங்க கையெழுத்துதானே தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

ஏழு மாதத்துக்கு எனக்கு வர வேண்டியது 1,960 வெள்ளி. பேசிப் பேசி 700 கிடைத்தது. பேராவூரணி அண்ணன் நோட்டையும் அந்தக் கிறுக்கலையும் காட்டினார். தமிழ் இந்த நாட்டில் ஆட்சிமொழிகளில் ஒன்று, அதைப் படிக்க அங்கே ஆள் இருந்தது. அவருக்கு முழுத் தொகையும் வந்தது. அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு, சம்பளம் ஏறியிருக்கிறது என்று பொய் சொன்னேன்.

இப்போது டாமில் (தொழிலாளர் விடுதியில்) இருப்பவர்களுக்குச் சம்பளம் பேங்கில்தான் போட வேண்டும், 2020லிருந்து அப்படி. அதனால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். பேங்கில் போட்டுவிட்டு, ஏடிஎம் கார்டைத் தானே வைத்துக்கொள்கிறவர்களும், "எடுத்து இருநூறைத் திருப்பிக் கொடு" என்கிறவர்களும் இருக்கிறார்கள். வேலை கொடுத்ததற்குக் காசு வாங்குவது இங்கே குற்றம். காலி டைம் ஷீட் அதே பழைய வவுச்சர்தான், சட்டை மட்டும் புதுசு. முடிந்தால் எழுதியபின் கையெழுத்துப் போடுங்கள். முடியாதென்றால், லோரி கத்தினால் கத்தட்டும், பக்கத்தில் தமிழில் மணி நேரத்தை எழுதிவிட்டுப் போனில் ஒரு படம்.

நிறையப் பேர் செய்கிற இன்னொரு தப்பு, ஊருக்கு டிக்கெட் போட்டபின் புகார் சொல்ல ஓடுவது. வேலையில் இருக்கும்போது ஒரு வருஷத்துக்குள் உள்ள பாக்கியைத்தான் கேட்க முடியும், வேலையை விட்டுவிட்டால் ஆறே மாதத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். பெர்மிட்டைக் கேன்சல் பண்ணிவிடுவான் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. பயந்துகொண்டேயாவது எம்டபிள்யூசிக்குப் போன் பண்ணுங்கள்: 6536 2692, ராத்திரியிலும் எடுப்பார்கள். அடிபட்டு வேலை இல்லாமல் கிடந்தால் லிட்டில் இந்தியாவில் டிடபிள்யூசி டூ என்ற தொண்டு அமைப்பு இலவசச் சாப்பாடு போடுகிறது, 2008லிருந்து. காலையிலேயே கட்டிவந்து மதியம் புளித்துப்போகிற கேட்டரிங் சாம்பாரைவிட அது எவ்வளவோ மேல், நம்புங்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் ஹெல்த்சர்வ் என்ற தொண்டு அமைப்பின் கிளினிக்.

நிலையத்துக்கு நேரில் போகும்போது ஐபிஏ, பெர்மிட், பேங்க் கணக்கு விவரம், நோட்டு நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டமான நாளில் காத்திருக்க வேண்டிவரும், லிட்டில் இந்தியா தேக்கா மார்க்கெட்டில் ஏதாவது சாப்பிட்டுவிட்டே போங்கள். அந்த அறந்தாங்கித் தம்பிக்கு நான் நேற்றே நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு வைத்திருக்கிறான், இன்னும் ஒரு வரி எழுதவில்லை.