எல்லையோர பைக் கிளப்பும் ட்ராக் டே அமைப்பாளரும்: கூட்டு சேரும் முறை

கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம், வாளையார் பக்கத்து பைக் கிளப்புகளுக்குக் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தய ட்ராக், காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடும் தூரம். ஆந்திர எல்லைப் பக்கத்துத் திருத்தணி, நகரி, புத்தூர்க்காரர்களுக்குச் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ட்ராக். (இங்கே சித்தூர் என்பது பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரச் சித்தூர் கிளப்புகளும் இருங்காட்டுக்கோட்டைக் கணக்கில்தான் வரும்.) ட்ராக் கிட்டத்தில் இருந்தாலும், இருபது பேர் கொண்ட கிளப் ஒன்று தனியாக ஒரு நாள் முழுக்க அதை வாடகைக்கு எடுத்தால் கட்டுப்படியாகாது. ட்ராக் டே (கட்டணம் கட்டி, போட்டியில்லாமல் சொந்த வண்டியை ட்ராக்கில் ஓட்டும் நாள்) நடத்தும் அமைப்பாளருக்கு வேறு கவலை: வாடகை, ஆம்புலன்ஸ், டாக்டர் எல்லாவற்றுக்கும் முன்பணம் கட்டிவிட்டு, இடம் நிரம்புமா என்று கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டும். கிளப்பிடம் ஆள் இருக்கிறது, அமைப்பாளரிடம் நாள் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பதுதான் இந்தக் கூட்டு. அதில் சண்டை எங்கே வரும் என்று முன்னாலேயே தெரிந்துகொண்டு, அதை எழுத்தில் வைக்க வேண்டும்.

கிளப்புக்கு முதலில் ஒரு முகவரி வேண்டும். வாட்ஸ்அப் குழு கையெழுத்துப் போட முடியாது. போட்டால் அட்மினின் சொந்தப் பெயரில்தான் போட வேண்டும், நாளைக்கு வழக்கு வந்தாலும் அவர் பெயரில்தான் வரும். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பழைய கொச்சிப் பகுதி என்பதால் அங்கே 1955ஆம் ஆண்டு திருவிதாங்கூர்-கொச்சிச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிய வேண்டும். வாளையார் பழைய மலபார் பகுதி, அங்கே 1860ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டம். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் 1975ஆம் ஆண்டுச் சட்டம். பதிவானதும் கிளப் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, ட்ராக் டே பணம் முழுவதையும் அதன் வழியாகவே நடத்துங்கள். பொருளாளரின் ஜிபே நம்பருக்கு நாற்பது பேர் பணம் அனுப்புவதில்தான் பல கிளப்புகள் உடைகின்றன.

எத்தனை இடம், என்ன விலை

எடுத்த எடுப்பில் 'சேர்ந்து நடத்துவோம்' என்று போகாதீர்கள். முதல் முறை ஆறிலிருந்து எட்டு இடம் மொத்தமாக எடுத்து, நாள் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இரண்டாம் முறை, ட்ராக்கில் ஒரே நேரத்தில் ஓடும் ஒரு குழு அளவுக்குப் பதினைந்து இடம். அதற்குப் பிறகுதான் இரு பெயரும் போட்டு நடத்தும் பேச்சு.

தள்ளுபடி கேட்கும் முன் அமைப்பாளரின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு மொத்தச் செலவு 3,00,000 ரூபாய், ஒரு ஆளுக்குக் கட்டணம் 10,000, இருப்பது 45 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 பேர் வந்தால் அவருக்குக் கை கடிக்காது. நீங்கள் 15 இடத்தை 15 சதவீதத் தள்ளுபடியில் எடுத்தால் 8,500 வீதம் 1,27,500 ஆகிறது. மீதி 1,72,500க்கு முழுக் கட்டணத்தில் 18 பேர் வேண்டும். அதாவது அவருக்கு இப்போது 33 பேர் தேவை. வெறும் தள்ளுபடி கேட்டால் அவர் முகம் சுளிப்பது இதனால்தான்.

அதோடு பன்னிரண்டு மார்ஷல்களையும் (ட்ராக் ஓரத்தில் நின்று கொடி காட்டி, விழுந்தவருக்கு உதவுபவர்கள்) கிளப்பே தருகிறது என்று சொல்லுங்கள். ஆளுக்கு 1,500 என்றாலும் அவருக்கு 18,000 மிச்சம். அப்போது 16 பேர், உங்களோடு சேர்த்து 31. கூடுதலாகத் தேவைப்படுவது ஒரே ஒரு ஆள்; பதிலுக்குப் பதினைந்து இடம் மூன்று வாரம் முன்பே உறுதியாகிவிடுகிறது. இந்தக் கணக்கோடு போனால் பேச்சு பத்து நிமிடத்தில் முடியும்.

பணத்துக்குத் தவணை எழுதுங்கள். தேதி உறுதியானதும் நான்கில் ஒரு பங்கு. 21 நாள் முன்பு நிரம்பாத இடங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதிப் பணம். கடைசி ஏழு நாளில் பணம் திரும்பாது, ஆனால் ஆள் மாற்றலாம். ஆள் மாற்றும்போது புதியவர் எந்த வேகக் குழுவுக்குத் தகுதி என்பதை அமைப்பாளர்தான் முடிவு செய்ய வேண்டும். வேகமான குழுவில் ஓட்ட வேண்டியவர் வராமல், அதே இடத்தில் ட்ராக்கையே பார்த்திராத தம்பி ஏறுவது மிகவும் ஆபத்தானது.

தேதி பார்ப்பது

பாலக்காட்டுக்காரர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் இது. நமக்கு மழை என்றால் ஜூன், ஜூலை. கணவாயைத் தாண்டிக் கோவைக்குப் போனால் அந்த மாதங்களில் மழையை விடக் காற்றுதான் அதிகம். ஆடிக் காற்றில் மண் பறந்து வந்து ட்ராக் ஓரத்திலும் பிரேக் பிடிக்கும் இடங்களிலும் படியும். முதல் செஷனில் முன் சக்கரம் வழுக்கும். அந்த மாதங்களில் நாள் எடுத்தால், காலையில் ட்ராக்கைக் கூட்டித் தருவது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். கோவைக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில், பெரும்பாலும் மதியத்துக்கு மேல். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம்.

அதற்குள்ளும் பொங்கல், மாசியில் சித்தூர் கொங்கன்படைத் திருவிழா, அதைத் தாண்டினால் பங்குனியில் நெம்மாறை வல்லங்கி வேலத் திருவிழா என்று வரிசையாக வரும். அந்த நாள்களில் பையன்கள் பணம் கட்டியிருந்தாலும் வரமாட்டார்கள். தேசிய சாம்பியன்ஷிப் சுற்றுகளும் அவற்றுக்கு முந்தைய பயிற்சி நாள்களும் ட்ராக்கை முன்பே பிடித்துவிடும். அட்டவணை வெளியானதும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். வார நாளுக்கு ஒத்துக்கொண்டால் வாடகையில் பேரம் பேச இடமிருக்கும்.

ட்ராக் டே எப்போது போட்டியாக மாறுகிறது

நேரம் எடுத்து, வரிசைப்படுத்தி, கோப்பை கொடுத்தால் அது போட்டி. போட்டிக்கு எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பு) அனுமதி வேண்டும், ஓட்டுபவர்களுக்கு உரிமம் வேண்டும். 'சும்மா கிளப்புக்குள்ளே ஒரு கோப்பை' என்று சாயங்காலம் ஐந்து சுற்றுப் பந்தயம் வைப்பது அமைப்பாளர் எடுத்த காப்பீட்டையே செல்லாததாக்கிவிடும். போட்டி வேண்டுமென்றால் அதை முதல் நாளே சொல்லி, அனுமதியோடு தனி நாளாக வையுங்கள்.

காப்பீட்டைப் பற்றி உறுப்பினர்களிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சாதாரண பைக் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியைப் படித்தால், பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குச் செல்லாது என்று இருக்கும். ட்ராக்கில் விழுந்த வண்டிக்கு அதிலிருந்து பணம் வராது. ஆளுக்கான விபத்துக் காப்பீடு நிகழ்ச்சிக்கென்று எடுக்கப்பட்டதா, எவ்வளவு தொகை, மார்ஷல்களுக்கும் சேர்த்தா என்று பாலிசி நகலை வாங்கிப் பாருங்கள். மார்ஷல்கள் விட்டுப்போவது அடிக்கடி நடக்கும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். மாமா போட்ட கையெழுத்து போதாது.

குழு பிரிப்பும் நேரமும்

2.1 கிலோமீட்டர் ட்ராக்கில் ஒரு நேரத்தில் 15 பைக் என்றால் சராசரி இடைவெளி 140 மீட்டர். 25 பைக் விட்டால் 84 மீட்டர். புதியவர்களுக்கு 84 மீட்டர் போதாது. 15க்கு மேல் விடுவதில்லை என்று எழுதி வாங்குங்கள். கூட்டம் அதிகமானால் வருமானம் கூடும், அதனால் இந்த வரியில்தான் அமைப்பாளர் நழுவப் பார்ப்பார்.

மூன்று குழு, குழுவுக்கு இருபது நிமிடம். 8:30க்குத் தொடங்கி 12:30 வரை, சாப்பிட்டுவிட்டு 1:30லிருந்து 4:30 வரை என்றால் ஒரு குழுவுக்கு ஏழு செஷன் வரும். காகிதத்தில் வருவது அவ்வளவு. ஒரு ரெட் ஃப்ளாக் (ஓட்டத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி), ஒரு ஆயில் சிந்தல் போதும், ஒரு செஷன் போய்விடும். உறுப்பினர்களிடம் ஐந்து உறுதி என்று சொல்லுங்கள். ஆறு கிடைத்தால் சந்தோஷப்படுவார்கள்.

கிளப் நண்பர்கள் எல்லாரும் ஒரே குழுவில் ஓட்ட ஆசைப்படுவார்கள். விடாதீர்கள். சிசியை வைத்தும் பிரிக்காதீர்கள், வேகத்தை வைத்துப் பிரியுங்கள். 150 சிசி வண்டியில் நன்றாக ஓட்டுபவர் வளைவில் பெரிய பைக்கைப் பிடித்துவிடுவார், நேர்ப்பாதையில் பெரிய பைக் அவரைத் தாண்டும், அடுத்த வளைவில் மறுபடி இடித்துக்கொண்டு நிற்பார்கள். இருவரும் தலா ஒரு சுற்று காத்திருந்தால் தீர்ந்துவிடும். அந்தப் பொறுமை இல்லாதவரைக் குழு மாற்றும் அதிகாரம் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். அந்த ஆள் அமைப்பாளர் தரப்பு. கிளப் தலைவர் ஆனாலும் அன்றைக்கு அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்தான். புதியவர் குழுவில் முதல் செஷன் பயிற்றுநர் பின்னால், முந்துவது நேர்ப்பாதையில் மட்டும்.

மார்ஷல்கள்

கிளப் தரும் ஆள்கள் அன்று ஓட்டக்கூடாது. ஓட்டிவிட்டு வந்து வெயிலில் கொடி பிடிப்பவர் மூன்று மணிக்கு மேல் ட்ராக்கைப் பார்க்கமாட்டார். ட்ராக் ஓரத்தில் மார்ஷல் நிற்கும் இடம்தான் போஸ்ட்; ஒரு போஸ்ட்டுக்கு இரண்டு பேர். ஒருவர் வரும் பைக்குகளைப் பார்த்துக் கொடி பிடிப்பார், மற்றவர் விழுந்தவரிடம் போவார். ஒவ்வொரு போஸ்ட்டிலும் நின்றால் அடுத்த போஸ்ட் கண்ணில் பட வேண்டும். மஞ்சள் (முன்னால் ஆபத்து), சிவப்பு (ஓட்டம் நிறுத்தம்), நீலக் (பின்னால் வருபவருக்கு வழிவிடு) கொடிகளோடு, வழுக்கலைக் காட்டும் சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் கொடி, தீயணைப்பான், துடைப்பம், தண்ணீர் எல்லாம் இருக்கட்டும். ஒரு ஓட்டுநரை உள்ளே அழைக்கும் கறுப்புக் கொடி ஸ்டார்ட் லைனில் மட்டும்.

முந்தின வாரம் அரை நாள் பயிற்சி கட்டாயம். மஞ்சள் கொடி ஆடும் முன் ட்ராக்கில் கால் வைக்கக்கூடாது, வரும் பைக்குக்கு முதுகைக் காட்டக்கூடாது, விழுந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றக்கூடாது. பைக் காத்திருக்கலாம், ஆளை முதலில் பாருங்கள்.

வாக்கி டாக்கியில் மொழி குழப்பும். நம் பக்கத்து ஆள்களுக்குத் தமிழும் மலையாளமும் ஒன்றுபோலத்தான், ஆனால் கண்ட்ரோலில் இருப்பவருக்கு அப்படி இருக்காது. நகரிப் பக்கம் தெலுங்கும் சேரும். சொல்வரிசையை முன்பே முடிவு செய்யுங்கள்: போஸ்ட் எண், பைக் விழுந்தது, ஆள் எழுந்தார் அல்லது எழவில்லை, ட்ராக் காலி அல்லது அடைப்பு. வேறு எதுவும் பேசக்கூடாது.

ஆம்புலன்ஸ் இரண்டு கேளுங்கள். ஒன்றுதான் என்றால், அது ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் வரை ட்ராக் மூடிக் கிடக்கும். மூன்று குழுவுக்கும் ஒன்றரை மணி நேரம் போகும். இரண்டாவது வண்டியின் செலவில் பாதியைக் கிளப் ஏற்பது நல்ல பேரம்.

வண்டிச் சோதனை ஊரிலேயே

அமைப்பாளரின் சோதனையில் திருப்பி அனுப்பப்படும் வண்டிகளால் காலை முதல் செஷன் தாமதமாகும். அதனால் ட்ராக் டேக்கு மூன்று நாள் முன்பு கிளப் மெக்கானிக்கை வைத்து நீங்களே பாருங்கள். கண்ணாடி, சேலை கார்டு, லெக் கார்டு, சென்டர் ஸ்டாண்ட் எல்லாம் கழற்ற வேண்டும். லெக் கார்டு விழும்போது தாரில் குத்தி வண்டியைப் புரட்டும். சைடு ஸ்டாண்டைக் கம்பியால் கட்டுங்கள். விளக்குகளுக்கு டேப் ஒட்டுங்கள். கோன் செட்டில் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) ஆட்டம், வீல் பேரிங்கில் ஆட்டம், ஃபோர்க் ஆயில் சீலில் கசிவு, விட்டதும் திரும்பாத ஆக்ஸிலரேட்டர்: இவற்றில் எது இருந்தாலும் வண்டி போகக்கூடாது.

பிரேக் ஆயில் புதிதாக டாட் 4 மாற்றுங்கள். பழையது ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், ட்ராக் சூட்டில் கொதித்துக் குமிழ் வரும், நான்காவது சுற்றில் லீவர் ஹேண்டில்பார் வரை போகும். பிரேக் பேட் பாதிக்கு மேல் இருக்க வேண்டும்.

ஆயிலை வடிக்கும் போல்ட்டைத் துளைத்து, அது கழலாமல் லாக் வயர் போடுவது பத்து நிமிட வேலை. 0.7 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பி, இறுகும் பக்கம் இழுத்துக் கட்ட வேண்டும். ஆயில் ஃபில்டருக்கு ஹோஸ் கிளிப். கூலன்ட் இருக்கும் வண்டிகளில் அதை வடித்துவிட்டுச் சுத்தத் தண்ணீர் ஊற்றுங்கள். கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் தாரில் சிந்தினால் காயாது, ஆயில் போலவே வழுக்கும். ஆயில் சிந்தினால் மரத்தூள் போட்டு ஊறவைத்துக் கூட்டி, பிறகு சிமென்ட் தூள் தூவி மறுபடி கூட்டுவதற்கு அரை மணி ஆகும். 45 பேரின் அரை மணி. அந்தச் செலவையும் டயர் தடுப்புச் சேதத்தையும் சிந்தியவர்தான் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

எல்லை தாண்டி வண்டி கொண்டுபோவது

கண்ணாடி கழற்றிய, சைலன்சர் மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டிப் போகாதீர்கள். கேரள மோட்டார் வாகனத் துறை இதில் கறார். விழுந்த வண்டியைத் திரும்ப ஓட்டி வரவும் முடியாது. பிக்கப்பில் ஏற்றுங்கள். சரக்கு வண்டிக்குத் தமிழ்நாட்டுக்குள் செல்ல பெர்மிட் இருக்கிறதா என்று டிரைவரிடம் முந்தின நாளே கேளுங்கள். விடியற்காலை வாளையாரில் நின்று கேட்டுப் பயனில்லை. ஒவ்வொரு பைக்கின் ஆர்சி, இன்சூரன்ஸ் நகலும் ஒரே ஃபைலில் டிரைவர் கையில் இருக்கட்டும். ஃபோர்க்கைப் பாதி அழுத்தி ராட்செட் பெல்ட் போட்டால் போதும். முழுக்க அழுத்தினால் சீல் போகும். பெட்ரோலைத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து போடுவது எல்லோருக்கும் தெரிந்த பழக்கம்தான், ஆனால் கேனில் அடைத்துக்கொண்டு பயணம் செய்யாதீர்கள்.

அன்று மாலையே, பிக்கப் ஏற்றும் முன், அமைப்பாளரோடு உட்கார்ந்து மூன்று தாளை முடித்துவிடுங்கள்: எந்த வளைவில் எத்தனை பேர் விழுந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றது, யார் எவ்வளவு சேதம் கட்ட வேண்டும். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல். பத்து நாளுக்குள் வரவு செலவு தீர வேண்டும். ஒரே வளைவில் மூன்று பேர் விழுந்திருந்தால், அடுத்த முறை அங்கே பிரேக் பிடிக்கும் இடத்தைக் காட்டும் கூம்பு வைக்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.