வெந்தயத்தை முழுங்காதீங்க, ஊறவெச்சு மென்னு சாப்பிடுங்க

காலைல எந்திரிச்சதும் ஒரு ஸ்பூன் வெந்தயத்தை வாயில போட்டு மடக்குன்னு தண்ணி குடிச்சு முழுங்குறவங்க நெறைய பேர் இருக்காங்க, கசக்குதேன்னு அப்படி பண்றாங்க, ஆனா சுகருக்காக சாப்பிடுறீங்கன்னா தயவுசெஞ்சு அந்தப் பழக்கத்தை மாத்துங்க.

ராத்திரி ஊறப்போட்ட வெந்தயத்தை விரல்ல நசுக்கிப் பாருங்க, வழவழன்னு ஒட்டும்ல, அந்தக் கொழகொழப்புதான் முக்கியம். அது கரையுற நார்ச்சத்து, வயித்துக்குள்ள கூழ் மாதிரி ஆகி சோறு, இட்லி செரிக்கிற வேகத்தைக் குறைக்குது, அதனால சாப்பிட்டதும் சுகர் கிடுகிடுன்னு ஏறாது. ஹைதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துல 1990 வாக்குல சுகர் உள்ளவங்களுக்கு மதியமும் ராத்திரியும் சாப்பாட்டோட வெந்தயப்பொடி குடுத்துப் பாத்தாங்க, சுகரும் கொலஸ்ட்ராலும் இறங்குச்சு. சின்ன ஆய்வுதான், அதோட அவங்க குடுத்தது நாளைக்கு 100 கிராம், நம்ம டீஸ்பூன்ல பிடிக்கிறது 4 கிராம் கிட்டத்தான், அதனால ஒரு ஸ்பூன்ல அதே ரிசல்ட் வரும்னு நம்பிடாதீங்க.

சரி எப்படி சாப்பிடுறது? ஒரு ஸ்பூனை கழுவி அரை டம்ளர் தண்ணில ராத்திரி போட்டுருங்க, காலைல டிபனோட சேத்து நல்லா மென்னு சாப்பிட்டு அந்தத் தண்ணியையும் குடிச்சிருங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்க அரை ஸ்பூன் போதும், இல்லன்னா வயிறு உப்பும், சிலருக்கு பேதியாகும். கசப்பு ஆகவே ஆகாதுன்னா ஊறுனதை துணில கட்டி முளைகட்ட விடுங்க, கசப்பு நல்லா குறைஞ்சிரும், சாலட்ல போட்டுக்கலாம்.

வீட்ல எல்லாரும் சாப்பிடணும்னா வெந்தய தோசைதான் பெஸ்ட். நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு கால் டம்ளர் வெந்தயம், ரெண்டையும் தனித்தனியா ஊறவெச்சு முதல்ல வெந்தயத்தை மட்டும் கிரைண்டர்ல போட்டு தண்ணி தெளிச்சு தெளிச்சு ஆட்டுங்க, நுரைச்சு பொங்கி மேல வரும், அப்புறம்தான் அரிசி. உளுந்தே வேணாம், தோசை பஞ்சு மாதிரி இருக்கும். ஆனா அரிசி அரிசிதான், சுகர் இருக்குறவங்க ரெண்டோட நிறுத்திக்கோங்க.

இத மட்டும் கவனமா படிங்க. சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்குறவங்க வெந்தயத்தை நம்பி மருந்தை நிறுத்தவே கூடாது, ரெண்டும் சேந்து சுகர் ரொம்ப இறங்கி கை நடுக்கம், வேர்வை வரலாம், அதனால டாக்டர்கிட்ட சொல்லிட்டு ஆரம்பிங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை போடுறவங்களும் கேட்டுக்கணும். கர்ப்பமா இருக்குறவங்க குழம்புல தாளிக்கிற அளவோட விட்டுருங்க. வேர்க்கடலை, கொண்டக்கடலை அலர்ஜி இருந்தா வெந்தயமும் ஒத்துக்காம போகலாம். தினமும் நெறைய சாப்பிட்டா வேர்வையிலயும் சிறுநீர்லயும் ஒரு இனிப்பு வாசனை வரும், அதுக்கு பயப்பட வேணாம்.