மலைப்பள்ளியில் தோற்கும் கல்விக் கொள்கைகள்: அரசு தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குப் போனால், வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பெயர்பெற்ற தனியார் பள்ளிகள் இருக்கின்றன. அங்கிருந்து மாரமங்கலம், செம்மநத்தம், வெள்ளக்கடை என்று உள்ளே போனால், மலையாளி எனப்படும் மலைவாழ் பழங்குடியினர், காப்பித் தோட்டத் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகள். சென்னையில் வகுக்கப்படும் ஒரு கல்விக் கொள்கை தேறுமா என்பதை இந்தப் பள்ளிகளில்தான் பார்க்க வேண்டும்.

அரசால் பெரிய காரியங்களைச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு என்று, பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைக்கும் வேலையைத் தமிழ்நாடு உறுதியாகச் செய்திருக்கிறது. வந்த பிள்ளை கற்கிறதா என்ற இடத்தில்தான் சறுக்குகிறோம். கொடுத்த பொருளுக்கெல்லாம் கணக்கு இருக்கிறது. பிள்ளை கற்றதற்குத்தான் நம்பகமான கணக்கு இல்லை. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

பொருளைக் கொடுத்தால் தரம் வந்துவிடும் என்று நம்புவது

வளரும் நாடுகள் பலவும் இந்தப் பாடத்தைச் செலவழித்துக் கற்றிருக்கின்றன. கென்யாவின் மேற்குப் பகுதிப் பள்ளிகளுக்குப் பாடநூல்கள் கொடுத்து ஆராய்ந்தபோது, ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மட்டுமே பயனடைந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்த அந்தப் புத்தகங்கள் மற்றவர்களுக்கு எட்டவில்லை. பெரு நாடு லட்சக்கணக்கான மடிக்கணினிகளை வழங்கியது. ஆய்வு செய்த பள்ளிகளில் கணக்கிலோ மொழிப்பாடத்திலோ முன்னேற்றம் தெரியவில்லை. இந்தோனேசியா 2005இல் சட்டம் இயற்றி, தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்துக்கு இணையான படியைக் கூடுதலாகக் கொடுத்தது. ஆசிரியர்களின் பணச்சுமை குறைந்தது, பணியில் மனநிறைவு கூடியது. பிள்ளைகளின் கற்றல் நின்ற இடத்திலேயே நின்றது.

ஆசிரியர்களுக்கு நல்ல சம்பளம் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அது அவர்களுடைய உரிமை. சம்பளமும் திறன்பலகையும் வகுப்பறையில் நடப்பதைத் தாமாக மாற்றிவிடும் என்று எதிர்பார்ப்பதே தவறு.

பாடத்தை முடித்ததும் கற்பித்துவிட்டோம் என்று நினைப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றைத் தமிழ்ப் பாடநூலை வாசிக்கச் சொல்லுங்கள். கணீரென்று வாசிக்கும். அப்போது அதன் விரலைக் கவனியுங்கள். வாய் மூன்றாவது வரியில் இருக்கும், விரல் ஐந்தாவது வரிக்குப் போயிருக்கும். அது வாசிக்கவில்லை, மனப்பாடமாக ஒப்பிக்கிறது. அதே சொற்களைக் கொண்டு புதிய வரி ஒன்றைக் கரும்பலகையில் எழுதினால் முதல் சொல்லிலேயே நின்றுவிடும். கணக்கிலும் இப்படித்தான். 52இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 45 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து ஒன்று போனால் நான்கு. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று எப்போதோ படித்ததைப் பிள்ளை நேர்மையாகக் கடைப்பிடிக்கிறது. கடன் வாங்கிக் கழிப்பது புரியாத பிள்ளைக்கு முன்னால் வகுத்தல் பாடம் நடந்துகொண்டிருக்கும்.

இதற்கு மருந்து தெரியாமல் இல்லை. எந்த வகுப்பு என்று பார்க்காமல், பிள்ளை நிற்கும் படியைப் பார்த்துக் கற்பிப்பதுதான் அது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிப்பது இதற்காகத்தான். கொரோனா காலத்துக்குப் பின் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டது தெரிந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் நடத்திய இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. ஆகவே வழி இருக்கிறது. அரும்பு, மொட்டு என்பவை பதிவேட்டில் நிரப்பும் கட்டங்களாகச் சுருங்கிவிடக் கூடாது என்பதே என் கவலை.

இந்த இடத்தில் மலைப்பள்ளியின் அமைப்பையும் பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஆனால் பாடநூலும் பாடவேளையும் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் அமைந்தவை. பல வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துக் கற்பிப்பது தனித் திறமை; அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். உத்தமசோழபுரத்தில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் அந்தப் பயிற்சியை மலைமேல், ஓர் ஈராசிரியர் பள்ளியில், பிள்ளைகளை எதிரில் வைத்துக்கொண்டே நடத்தலாம். அட்டைகளை வைத்துத் தம் வேகத்தில் பிள்ளைகள் கற்ற செயல்வழிக் கற்றல் முறை, 2007-08இல் மாநிலம் முழுவதும் வந்தபோது இப்படிப்பட்ட பள்ளிகளுக்குப் பொருத்தமாகவே இருந்தது. இப்படி ஒரு கற்பித்தல் முறை வேர்பிடிப்பதற்குள் அடுத்ததை அறிவிப்பதும் ஆசிரியர்களைச் சோர்வடையச் செய்யும் தவறுதான்.

தேர்வு வைத்துத் தோல்வியடையச் செய்தால் தரம் உயரும் என்பது

ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்த தமிழக அரசு, 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. நல்லவேளை. கற்றுத்தராமல் விட்டதற்குப் பத்து வயதுப் பிள்ளையைத் தண்டிப்பது அநியாயம். தோல்வியடைந்த மலைப்பிள்ளை அடுத்த ஆண்டு அதே வகுப்பில் உட்காரும் என்பது நிச்சயமில்லை. தோட்டத்து வேலைக்கோ, சேலத்தில் கொலுசுப் பட்டறைக்கோ போய்விடும் அபாயம் உண்டு.

ஆசிரியரின் நேரத்தை இலவசம் என்று எண்ணுவது

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளி விவரங்களைத் திரட்டும் அரசின் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றுவதும் புள்ளிவிவரம் அனுப்புவதும் இந்தத் தடைக்குள் அடங்காது என்று வாதாடலாம். ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கூட்டத்துக்கோ மாற்றுப்பணிக்கோ போனால் அன்றைக்கு அது ஓராசிரியர் பள்ளி. மற்றவர் கைப்பேசியில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தால் ஆசிரியரே இல்லாத பள்ளி. புதிய படிவம் ஒன்றைக் கேட்கும் அதிகாரி, பழைய படிவம் ஒன்றை நிறுத்திவிட்டே கேட்க வேண்டும் என்று விதி செய்யலாம்.

பஸ் நேரமும் கல்விக் கொள்கைதான். சேலத்தில் குடியிருக்கும் ஆசிரியருக்கு உள்கிராமப் பஸ் எப்போது வருகிறதோ அப்போதுதான் பள்ளி தொடங்கும். மலைக்கு நியமிப்பவர்கள் அங்கே குடியிருப்பும் கட்டித்தர வேண்டும். அதைச் செய்யாமல் வருகையை மட்டும் கண்காணிப்பது வீண்.

பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று பள்ளியை இணைப்பதும் இப்படித்தான். வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டர் என்பது, இங்கே காட்டெருமை நடமாடும் பாதையில் ஏறி இறங்கும் இரண்டு கிலோமீட்டர். ஆறு வயதுப் பிள்ளையை அதில் தனியாக அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்?

பெற்றோரைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுவது

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள் என்பது சட்டம். வேலை நாளில் பிற்பகல் கூட்டம் என்றால் வரும் தாய்க்கு அன்றைய கூலி போகும். காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் அது பெரிய தொகை. தோட்ட வேலை முடிந்த பிறகு, பள்ளியில் இல்லாவிட்டால் ஊர்ச் சாவடியில், கூட்டத்தை வைத்துக்கொள்ளலாம்.

சுண்ணாம்பு அடிப்பது, தண்ணீர்த் தொட்டி வைப்பது என்பதோடு அந்தக் கூட்டம் நின்றுவிடக் கூடாது. பாடநூலில் இல்லாத ஒரு வரியை எழுதி, ஒவ்வொரு பிள்ளையையும் பெற்றோர் முன்னால் வாசிக்கச் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் தன் பிள்ளை தடுமாறுகிறதா, ஓட்டமாக வாசிக்கிறதா என்பது கேட்டவுடனே தெரியும். எத்தனை பிள்ளைகள் வாசித்தார்கள் என்பதைச் சட்டம் கேட்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தின் முதல் வரியாக எழுத வேண்டும். அடுத்த ஆய்வுக்கு வரும் வட்டாரக் கல்வி அலுவலர் கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த வரிக்குப் பதில் சொல்லட்டும். பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளையும் இதிலிருந்து விலக்கக் கூடாது. எந்தத் துறைக்குக் கீழே படித்தாலும் அவர்களும் இதே மலையின் பிள்ளைகள்தானே.