முதல் சிந்தசைசர்: ஒரு 556 ஐசியும் ஒரு டாட் போர்டும்

சிந்தசைசர் கட்ட ஆசை, எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் கைகாட்டுவது அட்டாரி பங்க் கன்சோலைத்தான். அமெரிக்க மின்னணுவியல் எழுத்தாளர் ஃபாரெஸ்ட் மிம்ஸ் 1980-ல் வெளியிட்ட சர்க்யூட் அது. இந்தப் பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு 556 ஐசி (ஒரு முழு சர்க்யூட்டை அடக்கிய சில்லு), அதற்குள் இரண்டு 555 டைமர்கள், அதாவது நேரம் கணக்கிட்டுத் துடிப்பு தரும் சர்க்யூட்டுகள். முதலாவது துடித்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது அந்தத் துடிப்பை நீட்டும். நீட்டல் அடுத்த துடிப்பையும் விழுங்கும்போது சுருதி சரேலென்று ஒரு படி இறங்கும். பழைய வீடியோ கேம் சத்தத்தின் ரகசியம் அதுதான்.

கடையில் கேட்க வேண்டியவை: டாட் போர்டு (துளைகளைச் சுற்றிச் செம்பு வட்டங்கள் உள்ள போர்டு), என்இ 556, 14 கால் ஐசி பேஸ், 470 கே (கிலோ ஓம்) பொட், அதாவது குமிழைத் திருப்பி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர், இரண்டு, கால் வாட் 1 கே ரெசிஸ்டர் மூன்று, கெப்பாசிட்டரில் 103 (0.01 மைக்ரோஃபாரட்) ஒன்று, 104 (0.1 மைக்ரோஃபாரட்) இரண்டு, 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்று, 8 ஓம் ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி, கிளிப். சிமாஸ் வகை 556 கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்கும், ஆனால் ஸ்பீக்கரைத் தள்ள அதற்குத் தெம்பு போதாது.

ரெசிஸ்டர் ஐந்து சதவீதம் முன்பின் இருந்தால் குடிமுழுகிப் போகாது. கெப்பாசிட்டரில்தான் கவனம் வேண்டும். சுருதியைத் தீர்மானிக்கும் 103-ஐ பாலியெஸ்டர் வகையில் வாங்குங்கள். மலிவான செராமிக் வட்டு சூடேறினால் மதிப்பு மாறும், சுருதி நகரும். பொட்டில் 'பி' என்றிருந்தால் லீனியர் (திருப்பத் திருப்ப மதிப்பு ஒரே சீராக மாறும்), 'ஏ' என்றால் லாக் (முதலில் மெதுவாக, பிறகு வேகமாக மாறும்). லீனியரில் மேல் சுருதிகள் எல்லாம் குமிழின் ஒரு ஓரத்தில் நெருக்கியடித்து நிற்கும். லாக் போட்டால் விரிந்து கிடைக்கும், ஆனால் வலப்பக்கம் திருப்பத் திருப்ப சுருதி இறங்கும். எனக்கு லாக்தான் பிடிக்கும்.

இனி வயரிங். 4, 10, 14 கால்கள் பிளஸ்ஸுக்கு, 7 மைனஸுக்கு. 8-ஐயும் 12-ஐயும் சேர்த்து, அங்கிருந்து 103 மைனஸுக்கு, ஒரு 1 கே 13-க்கு. 13-லிருந்து இன்னொரு 1 கே, முதல் பொட் வழியாகப் பிளஸ். 1-ஐயும் 2-ஐயும் சேர்த்து 104 மைனஸுக்கு; மூன்றாவது 1 கே, இரண்டாவது பொட் வழியாகப் பிளஸ். 9-லிருந்து 6-க்கு ஒரு வயர். 5-ல் 10 மைக்ரோவின் நீளமான கால், அடுத்த கால் ஸ்பீக்கருக்கு, ஸ்பீக்கரின் மறுமுனை மைனஸுக்கு. மிச்சமுள்ள 104, ஐசியை ஒட்டி பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில்.

பொட்டோடு தொடரில் வரும் அந்த 1 கே பல வரைபடங்களில் இருக்காது. அது இல்லாமல் பொட்டைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் டிஸ்சார்ஜ் கால் (கெப்பாசிட்டரைக் காலியாக்கும் 1 அல்லது 13) நேராகப் பிளஸ்ஸில் போய் உட்காரும். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் வெந்துவிடும்.

சால்டரிங்கில் குள்ளமானவை முதலில்: ரெசிஸ்டர், பேஸ், கெப்பாசிட்டர், கடைசியில் பொட். பேஸின் வெட்டு எந்தப் பக்கம் என்று போர்டில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். போர்டைக் கவிழ்த்ததும் கால் எண்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் மாறிவிடும், எல்லோரும் சறுக்குவது இங்கேதான். சால்டரிங் அயர்ன் முனை செம்பு வட்டத்தையும் காலையும் சேர்த்து இரண்டு விநாடி தொடட்டும், பிறகு ஈயம் வையுங்கள். கூம்பு மாதிரி பளபளவென்று நின்றால் நல்ல ஒட்டு. உருண்டையாகத் திரண்டால் மறுபடி சூடாக்குங்கள். ஐசியைச் செருகுவது எல்லாம் முடிந்த பிறகுதான்.

என் முதல் போர்டில் சுருதிக்கு பதில் மோட்டார் படகு ஓடுகிற சத்தம் வந்தது. அரை நாள் தேடியதில், 103 இருக்க வேண்டிய இடத்தில் 104. 300 ஹெர்ட்ஸில் தொடங்க வேண்டியது 30-க்கு இறங்கியிருந்தது. உங்களுடையது சரியாகப் பாடினால் அந்த இடத்தில் ஒரு 223 (0.022 மைக்ரோஃபாரட்) போட்டுப் பாருங்கள். அடிச்சுருதி பாதிக்கும் கீழே போகும்.