சுவரில் ஓதமா? உடைப்பதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்

வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில், தரையை ஒட்டி உப்புப் பூத்து பெயின்ட் பொருமி உதிர்ந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஊறியது இன்னும் காயவில்லை என்று நினைத்தோம். சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தோம். சித்திரை வெயிலில் அதே இடம் மறுபடி பொருமியது. சுவருக்குப் பின்னால் குளியலறைதானே என்று அங்கே டைல்ஸை உடைத்தோம். உள்ளே குழாய் காய்ந்து கிடந்தது. கசிந்தது நாலடி தள்ளி, வாஷ்பேசினுக்குப் போகும் குழாய் திரும்பும் இணைப்பில், எல்போவில்.

ஈரம் தெரியும் இடம்தான் கசியும் இடம் என்று நம்பியது பெரிய தவறு. தண்ணீர் தரைக்கு அடியில் நிரப்பிய மண்ணிலும் செங்கலிலும் ஊறி, வழி கிடைத்த இடத்தில் வெளியே வரும்.

சுத்தியலை எடுப்பதற்கு முன்னால் மேல்தொட்டியில் ஏறிப் பாருங்கள். இரவில் குழாய்களை எல்லாம் அடைத்து, ஒரு குச்சியை விட்டுத் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விடியும்வரை யாரும் மோட்டார் போடக்கூடாது, தண்ணீர் எடுக்கக்கூடாது. 1000 லிட்டர் வட்டத் தொட்டியில் 1 சென்டிமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 லிட்டர் போயிருக்கிறது. மறுநாள் இரவு, தொட்டியிலிருந்து இறங்கும் கேட் வால்வுகளை அடைத்துவிட்டு இதையே செய்யுங்கள். அப்போது இறங்கவில்லை என்றால் கசிவு வால்வுக்குக் கீழே உள்ள குழாயில். அப்போதும் இறங்கினால் தொட்டியில், இல்லையென்றால் வால்வே சரியாக அடைபடவில்லை. கழிவறைக்கும் அடுப்படிக்கும் தனித்தனி வால்வு இருந்தால், ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்தே தேட வேண்டிய இடத்தைச் சுருக்கிவிடலாம்.

இரண்டு இரவும் மட்டம் இறங்கவில்லை, சுவர் மட்டும் நனைகிறது என்றால் கழிவுநீர்க் குழாயையோ டைல்ஸ் இடுக்கையோ பாருங்கள். குளித்த பிறகுதான் ஈரம் கூடும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் நனைந்தால் மொட்டைமாடியைத்தான் பார்க்க வேண்டும்.

ஃப்ளஷ் தொட்டியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதில் சிட்டிகை கேசரிப் பவுடரைப் போட்டு அரைமணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் வந்தால் அடி வாஷர் போய்விட்டது.

நனைந்த சுவரில் ஸ்விட்ச் போர்டு இருந்தால் கசிவைத் தேடுவதெல்லாம் அப்புறம். முதலில் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தெருக்குழாயிலிருந்து சம்புக்கு வரும் பைப்பில் சின்னக் கசிவு என்றாலும் விட்டுவைக்காதீர்கள். தண்ணீர் விடாத நேரத்தில், அந்த ஓட்டை வழியே மண்ணில் உள்ள சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படலாம். குடிக்கிற தண்ணீர் அது.

சரிசெய்யும்போதும் அவசரம் கெடுக்கும். ஈரக் குழாயில் சால்வென்ட் (பிளாஸ்டிக் குழாயை ஒட்டும் பசை) பூசினால் சரியாக ஒட்டாது. தண்ணீரை முழுதாக வடித்து, துடைத்து, ஒட்டி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை காயவிட வேண்டும். கொத்தனார் கையோடு கலவை போட்டுப் பூசிவிடப் பார்ப்பார், விடாதீர்கள். வால்வைத் திறந்து இரண்டு நாள் அந்தக் குழியைத் திறந்தே வைத்து, இணைப்பைக் கையால் தடவிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் நாள்தான் ஒரு சொட்டு தெரிந்தது. பூசியிருந்தால் மறுபடி உடைத்திருப்போம்.

கசிவு நின்றபிறகும் சுவர் காய வாரக்கணக்கில் ஆகும். பெயின்ட் அதன் பிறகுதான்.