இலியட்: இரண்டாம் படலத்தில் நின்றுவிடாமல் படிக்க

பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் டிராய்ப் போர்க் காவியமான இலியட்டைக் கையில் எடுப்பவர்களில் பலர் கரையொதுங்குவது இரண்டாம் படலத்தில். 494ஆம் வரியில், டிராய் மீது படையெடுத்த கிரேக்கரின் கப்பல் பட்டியல் தொடங்கும். 29 படைகள், அவற்றின் தலைவர்கள், ஊர்கள், 1,186 கப்பல்கள். முதல் வாசிப்பில் நேரே 760க்குத் தாவுங்கள், கதை அறுபடாது.

மரக்குதிரையைத் தேடாதீர்கள். அது இதில் இல்லை, கிரேக்க வீரன் அக்கிலீஸின் சாவும் இல்லை. பத்தாண்டுப் போரின் கடைசி ஆண்டில் சில வாரங்கள்தான் கதை. அக்கிலீஸின் சினத்தில் தொடங்கி டிராய் வீரன் ஹெக்டரின் ஈமச்சடங்கில் முடிந்துவிடும்.

கேஎல்சிசி கினோகுனியா புத்தகக்கடையில் புதிதாக வாங்கினாலும், பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழையதைத் தேடினாலும், முதலில் ஓர வரி எண்ணைப் பாருங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களில் லாட்டிமோர் (1951) கிரேக்க வரிகளை ஒட்டியே போகிறார். ஃபேகிள்ஸ் (1990) சரளமானவர், ஆனால் அவருடைய வரி எண் தனிக்கணக்கு. பிரிக்பீல்ட்ஸில் நாலு பேர் கூடிப் படிக்கிறீர்கள் என்றால் எல்லாரும் ஒரே மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வரி தேடுவதிலேயே பாதி மாலை போய்விடும். வாய்விட்டுப் படிக்க எமிலி வில்சன் (2023) நன்றாக இருக்கிறது.

பெயர்களுக்கு ஒரு தாள் போதும். அக்கேயர், ஆர்கைவர், தனாயர் மூவரும் ஒரே கிரேக்கப் படைதான். டிராய் இளவரசன் பாரிஸுக்கு அலெக்சாண்டர் என்றும் பெயர். அஜாக்ஸ் இருவர். ‘அத்ரியஸின் மகன்’ என்று வந்தால் அவசரப்படாதீர்கள்: கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னனாகவும் இருக்கலாம், தம்பி மெனெலாஸாகவும் இருக்கலாம். முந்தைய பத்து வரிகளில் யார் பேசினார் என்று பார்த்தால் தெளியும்.

அக்கிலீஸ் உட்கார்ந்திருக்கும்போதும் ‘விரைந்த கால்களை உடையவன்’தான். ஆறு சீர் வரியை நிரப்பப் பாடகர்கள் கைவசம் வைத்திருந்த தொடர்கள் இவை. மௌனமாகப் படித்தால் சலிக்கும், வாய்விட்டுப் படித்தால் அதே தொடர்கள் மூச்சு வாங்க இடம் தரும். வாரத்துக்கு இரண்டு படலம் என்றால் 24 படலமும் மூன்று மாதத்தில் முடியும். ஒரு படலம் உரக்கப் படிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும்.

பத்தாம் படலத்தை விட்டாலும் நட்டமில்லை. 6, 9, 16, 22 ஆகியவற்றில் நிதானமாகப் போங்கள். 24இல் இன்னும் நிதானம் வேண்டும். தன் பிள்ளைகளைக் கொன்றவனின் கைகளை ஹெக்டரின் தந்தை, டிராய் மன்னர் பிரியாம் முத்தமிட்டு, ஹெக்டரின் உடலைக் கேட்டு வாங்கி வருகிறார். பிறகு மூன்று பெண்கள் அழுகிறார்கள்: ஹெக்டரின் மனைவி அந்த்ரோமகி, தாய் ஹெகுபா, கடைசியில் பாரிஸோடு டிராய்க்கு வந்த ஹெலன். நம் ஊர் ஒப்பாரி காதில் இருப்பவர்களுக்கு விளக்கவுரையே தேவையில்லை. மூன்று குரலில் பிரித்துப் படியுங்கள். மனைவி மகனின் கதியை நினைத்து அழுகிறாள்; ஹெலனோ, ஹெக்டர் தன்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை என்கிறாள். ஒரே குரலில் ஓட்டினால் அந்த வேறுபாடு மறைந்துவிடும்.

அடுத்து ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசி எடுப்பவர்களுக்கு: நாயகன் ஒடிசியஸ் நேரில் வருவது ஐந்தாம் படலத்தில்தான், முதல் நான்கும் மகன் டெலிமாக்கஸுக்கு. 9 முதல் 12 வரை ஒடிசியஸே தன் பயணத்தைச் சொல்கிறான். பொய் சொல்வதில் கெட்டிக்காரன், பாதி நம்பினால் போதும்.